விசில் வரை

ஐஸ் கட்டிகள் மீன் கம்பெனியிலிருந்து வருகின்றன என்பதைப் பயிற்சி முடிந்து தொட்டிக்குள் இறங்கும்போதெல்லாம் மூக்கு சொல்லிவிடும். கொம்பையா விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தான், மறு காலை வைத்தான், உட்கார்ந்தான். தண்ணீர் வயிற்றைத் தாண்டி நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் தொண்டையிலிருந்து அவனறியாமல் ஒரு சத்தம் கிளம்பும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் இர்ஃபான் அதே மாதிரி கத்திக் காட்டுவான், வரிசையாக எல்லாத் தொட்டிகளும் சிரிக்கும். இன்றைக்குச் சத்தம் வரவில்லை. குளிரவேயில்லை. ஐஸ் உருகிவிட்டதோ என்று பார்த்தான்; உமி ஒட்டிய கட்டி ஒன்று முழங்காலில் இடித்துக்கொண்டு மிதந்தது. குளிராமல் இருப்பது தப்பு, யாரிடமாவது சொல்ல வேண்டும், பிசியோ ரெபெக்கா மேடத்திடம் சொல்லலாம், மேடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்று காலையில் ஒருவர் அதே மேடத்திடம்தான் சொன்னார், அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் மறுபடி எப்படி நீட்டுவது. ரெபெக்கா மேடம் உள்ளரங்கத்தின் பின்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செல்போன். மற்ற நாட்களில் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக நடப்பார். இன்று போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜர் கூப்பிட வேண்டும். காலைப் பயிற்சியில் பிடிபட்டு விழுந்த தீனதயாளன், தீனாண்ணன், கபடி அணியின் மூத்த ரைடர், கொம்பையாவின் அறையில் பக்கத்துக் கட்டில், எழுந்திருக்கவில்லை. கழுத்து. பலகையில் வைத்துக் கட்டித்தான் தூக்கினார்கள். அவர் வலது கணுக்காலைப் பிடித்திருந்தது கொம்பையா.

மதியம் சாப்பிட்டான். அதுதான் நம்ப முடியவில்லை. தட்டில் முட்டை வைத்தார்கள், உரித்தான், மஞ்சளை ஒதுக்கினான், வெள்ளையைத் தின்றான், இங்கே வந்தபிறகு சொல்லிக்கொடுத்தபடி. கை தானாக உரித்தது. அதே கை. அந்தக் கையை இப்போது தண்ணீருக்குள் பார்த்தான். வெளுத்து, கொஞ்சம் பெரிதாக, யாருடையதோ போல. கணுக்காலில் தீனாண்ணன் சுற்றியிருந்த வெள்ளை டேப்பின் சொரசொரப்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. டேப்புக்குக் கீழே நரம்பு விறைத்து இழுக்கிறது, இழுக்கிறது, பிறகு இழுக்கவில்லை. பிடிபட்ட கால் எத்தனையோ விதமாகத் தளரும். சலித்துத் தளரும். ஏமாற்றத் தளரும், அடுத்த நொடி எகிறுவதற்காக. தூங்குகிறவன் காலைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கனம் இருக்குமே, அந்தக் கனம் இருந்தது. வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். எல்லாத் தளர்ச்சியும் ஏமாற்றுத்தான் என்று கோச் சம்பத் சார் சொல்லியிருக்கிறார், தளர்ந்தால் இன்னும் இறுக்கு. இறுக்கினேன். சொன்னதைத்தான் செய்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது, ஐஸ் கட்டி மட்டும் சின்னதாகச் சுற்றியது.

சார் முதன்முதலில் அவனைப் பார்த்தது சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு டோர்னமெண்டில். மண் தரை, குழல்விளக்கு, விளக்கைச் சுற்றி ஈசல். அன்றைக்கு எதிரணியில் போலீஸ் டீமில் ஆடும் பெரிய ரைடர் ஒருவர் வந்திருந்தார், அவரை அவன் திரும்பத் திரும்ப இடது மூலையில் பிடித்துப்போட்டான். ஆட்டம் முடிந்து குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்து, "எதப் பாத்து எறங்குற நீ? இடுப்பையா, கண்ணையா?" என்று கேட்டார். "எதையும் பாக்கல சார். பாட்டுல தெரிஞ்சிரும்." "என்ன தெரியும்?" "ஒதைக்க முன்னால மூச்சு ஒரு பள்ளத்துல எறங்கும் சார். கபடி கபடின்னு வந்துட்டே இருக்கும், ஒரு எடத்துல லேசா உள்ள போவும். அப்பம் கால் வரும்." அவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "பச்சையா இருக்கான். ஆனா கை என்னமா இருக்கு பாருங்க" என்றார். கையைத்தான் பார்த்தார். பாட்டு என்று அவன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அது பெரிய விஷயமாக அன்று தோன்றவுமில்லை. லீக் அணி ஒன்றுக்கு எடுக்கிறார்கள், புதிய வீரர்கள் என்று சில பேரை எடுத்து முகாமில் வைத்து வளர்க்கிறார்கள், தேறினால் ஆடலாம், தேறாவிட்டால் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குப் புரிந்தது. அவனோடு எடுத்த இரண்டு பேர் பஸ் ஏறிவிட்டார்கள். தர்மபுரிக்காரன் போகிற அன்று காலை குளித்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு போனான். அதைப் பார்த்தபோதுதான் பயம் என்றால் என்னவென்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. அது பயம் என்றால் இது என்ன.

இது பயமாகக்கூட இல்லை. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவிக்கொண்டே இருக்குமே, வலியில்லாமல், குழி மட்டும் இருக்குமே. முகாமுக்கு வந்து ஷூ போட்டான். அதுவரை ஷூ போட்டு ஆடியதில்லை, தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குப் புரிய நாளாயிற்று. ரப்பர் மேட்டில் உராய்ந்து முழங்கை தோல் உரிந்தது. எடையைக் கூட்டினார்கள். வீடியோ போட்டு, ரைடரின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இதைப் பார், இதை மட்டும் பார் என்றார்கள். பார்த்தான். முதல் பயிற்சி ஆட்டத்தில் வேறு அணிக்காரன் ஒருவனைக் கச்சிதமாகப் பிடித்தான், மேலே மூன்று பேர் விழுந்தார்கள், பிடிபட்டவனின் பாட்டு நின்றது, கொம்பையா விட்டுவிட்டான். பாட்டு நின்றால் ஆள் அவுட், அவுட்டானவனைப் பிடித்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை, மண்ணில் எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள், விட்டுவிட்டுக் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அந்த ஆள் கையை வாங்கவில்லை. பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டான். அத்தனை பேரும் அவுட். எதிரணி சிரித்த சிரிப்பைவிட, சம்பத் சார் சிரிக்காமல் நின்றதுதான் இன்னும் இருக்கிறது. "ரெஃப்ரி காதுல பாட்டு விழுந்துச்சா? விழல. விசில் ஊதினாரா? ஊதல. நீ யாருய்யா ஊதறதுக்கு? ஸ்டேடியத்துல எவன் பாட்டும் எவனுக்கும் கேக்காது. விசில். அது ஒண்ணுதான் சத்தம். மத்ததெல்லாம் இல்ல." அடுத்த நாளிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்று கோர்ட் ஓரம் வந்தது. ஸ்டேடியக் கூச்சலைப் பதிவுசெய்து ஓடவிட்டார்கள். அதையும் மீறி அவன் தலை ரைடரின் வாய்ப்பக்கம் சாய்வதைச் சார் கண்டுபிடித்து, நனைத்த பஞ்சை உருட்டித் தானே அவன் காதில் வைத்தார். வைத்தபோது விரல்கள் மென்மையாக இருந்தன, மருந்து போடுகிற மாதிரி. பிடிக்கிற ஒவ்வொரு முறையும் விசில் வரும்வரை பிடித்தே இருக்க வேண்டும். சில சமயம் சார் வேண்டுமென்றே ஊத மாட்டார். பிடிபட்டவன் திட்டுவான், கெஞ்சுவான், சார் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஊதுவார். மெதுமெதுவாக அவனுக்குப் பாட்டு கேட்காமல் போயிற்று. கேட்காமல் போயிற்று என்று எல்லாரிடமும் சொன்னான்.

தீனாண்ணன் மட்டும் நம்பவில்லை. படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டே, "டேய் கொம்பா, உனக்குக் கேக்குதுடா. நடிக்கிற" என்பார். "இல்லண்ணே." "நான் ரூமுக்கு வெளிய வர்றப்பவே செருப்புச் சத்தத்துல எந்திரிச்சு தாப்பாளத் தொறக்குற. உனக்கா கேக்காது?" அவர் மன்னார்குடிப் பக்கம். முப்பதைத் தாண்டிவிட்டார், இரண்டு முழங்காலிலும் கத்தி பட்டிருக்கிறது, இந்த சீசன்தான் கடைசி என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "நமக்குள்ள ஒரு ஒப்பந்தம். நான் பாட்ட நிறுத்துனா நீ விட்டுரு. என் முட்டிக்கு ஒரு புண்ணியம்." அவர் நிறுத்தினால் அழகாக நிறுத்துவார், கபடியின் கடைசி டியை இழுத்து மூச்சை வெளியே விட்டு, கதவைச் சாத்துகிற மாதிரி. ஒரு நாள் அப்படி நிறுத்தினார், கொம்பையா விட்டான், அவர் எழுந்து ஓடிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். சார் அவனை வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ராத்திரி தீனாண்ணன் ஆரஞ்சுப் பழம் உரித்துப் பாதியை நீட்டினார். "கோச்சுக்கிட்டியா? இனிமே யார நம்பியும் விடாத. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்." வாங்கித் தின்றான். கோபமில்லை. யாரை நம்பியும் விடாதே. அவரும்தானே சொன்னார். அவர் சொன்னதையும் சார் சொன்னதையும் சேர்த்துத்தானே இன்று காலை.

இன்று காலை கரண்ட் போயிற்று. ஸ்பீக்கர் நின்றது. இத்தனை நாள் அந்தக் கூச்சலுக்குள்ளேயே ஆடிவிட்டுத் திடீரென்று அரங்கம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு காலியாகத் தெரிந்தது, மேற்கூரையில் புறா நடப்பது கேட்டது. பஞ்சு வைக்கவில்லை, இப்போதெல்லாம் சார் வைப்பதில்லை, இனி தேவையில்லை என்று விட்டுவிட்டார். தீனாண்ணன் ஏறி வந்தார். கபடி கபடி கபடி என்று அவருடைய தாழ்ந்த குரல், பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி. கொம்பையாவுக்கு எல்லாம் கேட்டது. இடுப்பைப் பார்த்தான், சிவப்பு வட்டத்தை அவனே போட்டுப் பார்த்தான், ஆனால் அதற்கு முன்பே மூச்சு பள்ளத்தில் இறங்குவது கேட்டுவிட்டது, கால் வந்தது, பிடித்தான். நல்ல பிடி. உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது, ஒளிப்பதற்கென்ன, ஓடியது. இர்ஃபான் பக்கத்திலிருந்து வந்து மேலே விழுந்தான், இன்னொருவன் விழுந்தான், தீனாண்ணன் தலை கீழே மடங்கிப் போனதை அவன் பார்க்கவில்லை, அவன் முகம் மேட்டோடு இருந்தது, காலும் டேப்பும் மட்டும்தான் தெரிந்தது. பாட்டு நின்றது. சார் வாசல் பக்கம் திரும்பி, ஜெனரேட்டர் என்னய்யா ஆச்சு என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார், விசில் அவர் கையில் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்திருக்கும். கால் தளர்ந்தது. இறுக்கினான். தன் பக்கமாக இழுத்தான். இழுத்தான், ஆமாம், இழுத்துக்கொண்டே இருந்தான், மேலே ஆட்கள் அழுத்த, கீழே அவன் இழுக்க. புறா நடந்தது. பிறகு விசில். எழுந்தபோது தீனாண்ணன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சாதாரணக் குரலில், "ஒண்ணும் தெரியலையே மேடம்" என்றார். ஆம்புலன்ஸ் போனபிறகு கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் தானாக விட்ட இடத்திலிருந்து கூச்சல் போட ஆரம்பித்தது. சார் போய் நிறுத்துவார் என்று பார்த்தான். அவர் கொஞ்ச நேரம் நின்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், "வாங்க. இன்னும் செட் பாக்கி இருக்கு" என்றார். ஆடினார்கள். அவனும் ஆடினான். அதுவும் நம்ப முடியவில்லை.

"மாப்ள" என்றான் இர்ஃபான். தலையைத் திருப்பாமல், முன்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னான். "நாந்தான மேல விழுந்தேன்." கொம்பையா ஐஸ் கட்டி சுற்றுவதைப் பார்த்தான். "ஏதும் சத்தம் கேட்டுச்சா உனக்கு? எலும்பு சத்தம் மாதிரி." "இல்ல." "சத்தியமா?" "இல்லடா. எலும்புச் சத்தம் எதுவும் கேக்கல." உண்மைதான். கேட்டதற்குச் சரியான பதில்தான். இர்ஃபான் மூச்சுவிட்டான், தொட்டித் தண்ணீர் அசைந்தது. அவனுக்குச் சொல்லலாம். பாட்டு நின்றது எனக்குக் கேட்டது என்று சொன்னால், அவன் என்ன சொல்வான், அதான் தீனாண்ணன் வழக்கமா ஏமாத்துறதுதானே என்பான். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஏமாற்று என்று நினைத்தாய், பிடித்தாய், விசில் வரவில்லை. நானும் அதைத்தான் காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முட்டை உரிக்கும்போது, ஷூ அவிழ்க்கும்போது. ஏமாற்று என்று நினைத்தேன். நினைத்தேனா. அவர் நிறுத்தினால் டியில் நிறுத்துவார். மூச்சு வெளியே வரும். காலையில் டி வரவில்லை. கப என்று வந்தது. கப, அதற்கப்புறம் ஒன்றுமில்லை, மூச்சு வெளியேயும் வரவில்லை உள்ளேயும் போகவில்லை, கத்தரித்த நூல் மாதிரி. அது நிறுத்தினது இல்லை, நின்றது. எனக்குத் தெரியும். கேட்ட அந்த நொடியே தெரிந்தது. தெரிந்த கை கொஞ்சம் திறந்தது, இந்தக் கை, திறக்கப் போயிற்று, அப்போது உள்ளே ஒரு குரல் விசில் எங்கே என்று கேட்டது, அது சார் குரல்கூட இல்லை, என் குரல். பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினவன் முகம் வந்தது. கை மூடிக்கொண்டது. யாருக்கும் தெரியாது. அப்போதே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதா, அல்லது அதற்கு முன்பே ஆகிவிட்டதா, அதுவும் யாருக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியுமோ. எவ்வளவு நேரம் இழுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

சம்பத் சார் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அதனால் வேறு ஆள் மாதிரி, வயதானவராகத் தெரிந்தார். தொட்டி விளிம்பில் குனிந்து தணிந்த குரலில் பேசினார். "மனசப் போட்டு ஒழப்பிக்காத. அவன் விழுந்த விதம் அப்படி. இருவது வருஷமா பாக்கறேன், இது நடக்கும். உன் மேல ஒண்ணுமில்ல." "சரி சார்." "கடைசி வரைக்கும் விடல பாத்தியா. அத நான் கவனிக்காம இல்ல. வெள்ளிக்கிழமை மேட்ச்ல லெஃப்ட் கார்னர் நீதான். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு." அவர் கை அவன் ஈரத் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது. கொம்பையாவுக்குள் ஏதோ ஒன்று எழுந்து வாலாட்டியது. இத்தனை மாதம் இந்தச் சொல்லுக்காகத்தானே. அம்மாவிடம் சொன்னால் டிவியில் எந்த சேனல் என்று கேட்பாள். அந்த வாலாட்டலை உணர்ந்த அதே சமயத்தில்தான் குளிர் வந்தது, ஒரேயடியாக, எலும்புக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி. பல் அடித்துக்கொண்டது. அதை அடக்கக் குனிந்தபோது தன் இரண்டு கைகளும் தன்னுடைய வலது கணுக்காலைத் தண்ணீருக்கடியில் பூட்டுப்போட்டுப் பிடித்திருப்பதைப் பார்த்தான். எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. விரலைப் பிரி என்று சொல்லிப்பார்த்தான். விரல்கள் கேட்கவில்லை.

மேடத்தின் போன் அடித்தது. எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் அடங்கியது. "சொல்லுங்க. ம். ம். எலும்பு? ம். சரி." போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எலும்பு எதுவும் உடையல. உள்ள வீக்கம். இடது காலு தெரியுதாம், வெரல் அசைக்கிறாராம். வலது இன்னும் இல்ல. பொறுத்துத்தான் பாக்கணுங்கிறாங்க." யாரோ கடவுளே என்றார்கள். வலது. கொம்பையா தன் கைகளைப் பார்த்தான். "தீனா பேசணுங்கிறாராம்" என்று மேடம் எழுந்து வந்தார். "கொம்பையாகிட்ட." ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி விளிம்புக்கு மேல் பிடித்தார். முதலில் ஆஸ்பத்திரியின் சத்தங்கள், ஏதோ ஒரு மிஷின், பிறகு அந்தத் தாழ்ந்த குரல்.

"கொம்பா இருக்கானா?"

"இருக்கேண்ணே."

"ஐஸ்ல கெடக்கியா?"

"ஆமாண்ணே."

"குடுத்து வெச்சவன்டா. இங்க ஃபேனு சுத்துது, காத்து பக்கத்துக் கட்டிலுக்குப் போவுது." யாரும் சிரிக்கவில்லை. "என்னடா பேச மாட்டேங்குற?"

"அண்ணே, காலைல பாட்டு..." அதற்குமேல் வரவில்லை. சார் பக்கத்தில் நின்றிருந்தார். இர்ஃபான் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"தெரியும்டா" என்றது போன். "உனக்குக் கேட்டுருக்கும்னு தெரியும்." மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. "இங்க பாரு. வலது கால் எங்க இருக்குன்னே தெரியல. ஊசி வெச்சுக் குத்துறாங்க, தெரியல. ஆனா கணுக்கால்ல, நீ புடிச்ச எடத்துல மட்டும் புடிச்ச மாதிரியே இருக்கு. டாக்டர்ட்ட சொன்னேன், எதையோ எழுதிக்கிறாரு. விசில் ஊதியாச்சுடா கொம்பா. விட்டுரு."

சம்பத் சார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தார். கொம்பையா போனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அங்கே மூச்சு கேட்டது. மிஷினுக்கும் ஃபேனுக்கும் அடியில், உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவன் தலையை அசைத்தான். உள்ளே, வெளியே. பிறகு அந்த மூச்சு லேசாக, ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவனுக்குத் தெரியும் அது, கால் வருவதற்கு முந்தைய மூச்சு. தண்ணீருக்கு அடியில் அவன் கைகள் திறந்து வழிவிட்டன.